பாத்திர அறையில் உலக சாம்பியன் போட்டி

உலக மகளிர் ஸ்குவாஷ் சாம்பியன் போட்டி ஒருமுறை காரைக்குடியில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டுப் பாத்திர அறையில்தான் நடந்தது, இறுதி ஆட்டம் ஆடியவள் நான்.

பன்னிரண்டு வயது வரை நான் பினாங்கில் வளர்ந்தேன். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே கடை. பக்கத்தில் இருந்த கிளப்பில் என் அயித்தை மகளும் நானும் ஸ்குவாஷ் கற்றுக்கொண்டோம். நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று, எதிர்ச் சுவரில் மாறி மாறிப் பந்தை அடிக்கும் ஆட்டம். அப்பச்சி கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது புடவை மூட்டைக்குள் ஒளிந்து என் மட்டையும் வந்தது.

ஊரில் ஸ்குவாஷ் என்றால் விருந்தாளிக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆரஞ்சுச் சாறு. "அதுக்கு எதுக்குடி மட்டை?" என்று கேட்டவர்கள் உண்டு. நல்லவேளை, இந்த ஆட்டத்தைத் தனியாகவும் ஆடலாம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் சீர்ப் பாத்திரங்களை அடுக்கி வைக்கும் பெரிய அறை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், கை வைத்தால் வழுக்கும். அண்டாக்களை ஓரம் தள்ளிவிட்டு ஏழு வருஷம் அந்தச் சுவரோடு ஆடினேன். "இந்தப் புள்ள செவுத்தோட மல்லுக்கு நிக்குது" என்று என் அம்மா, ஆத்தா என்று கூப்பிடுவோம், வருவோர் போவோரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள்.

எழுபதுகளின் நடுவில் பெரியப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அப்பச்சியின் அண்ணன், வீட்டுக்கு மூத்தவர், எதைச் செய்தாலும் ஊர் வாயைப் பிளக்க வேண்டும் என்ற வியாதி உள்ளவர். பினாங்கிலிருந்து அயித்தையும் அவள் மகளும் வந்து இறங்கினார்கள். விருந்துச் சமையலுக்காக அண்டா குண்டா எல்லாம் வெளியே போயிருந்ததால் பாத்திர அறை காலி. நாங்கள் இருவரும் அதற்குள் புகுந்துவிட்டோம். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது அவள்தான் சொன்னாள், அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு உலக சாம்பியன் போட்டி நடக்கப்போகிறது என்று. எழுதிப் போட்டால் நம்மையும் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போக வேண்டும், அவ்வளவுதான், வேறு நினைப்பே இல்லை. மறுநாள் பந்தியில் அதைப் பெரியப்பச்சி காதில் போட்டேன்.

"ஆஸ்திரேலியாக்காரன் நடத்துனா ஒலகப் போட்டி, நாம நடத்துனா இல்லையா?" என்றார் அவர். "நாம நடத்துவோம். எந்தப் புள்ள ஜெயிக்குதோ, அதை நானே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வைக்கிறேன்!"

இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கு நடுவில் சொன்ன வார்த்தை. சாம்பார் வாளியோடு நின்றவர்கூடக் கை தட்டினார்.

உலகத்தைச் சேர்ப்பது பெரியப்பச்சிக்குப் பெரிய வேலையாக இல்லை. நான் இந்தியா, அயித்தை மகள் மலேசியா. கொழும்பிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு பெண் இலங்கை. நேமத்தான்பட்டிப் பெண் ஒருத்தியை வியட்நாம் ஆக்கினார். அவளுடைய பாட்டனார் ஒரு காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்தாராம். அந்த வியட்நாம் நாச்சியாபுரத்தைத் தாண்டிப் போனதே இல்லை.

நோட்டீஸ் அடித்து வந்தது. அச்சகத்துக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை தவிர வேறு நடை வராது. மேலே குன்றக்குடி முருகன் துணை. கீழே, தாங்கள் தங்கள் சுற்றம் சூழ வந்திருந்து வீராங்கனைகளை ஆசீர்வதிக்க வேண்டும் என்று இருந்தது. சனமும் அப்படியே வந்தது. அறையின் மேலே சுற்றிவர மரக் கைப்பிடி போட்ட மாடிப் பாதை. அதில் நெருக்கியடித்து நின்றார்கள். சிலர் மொய்க் கவர்கூடக் கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் சுற்றில் இலங்கை, பட்டுப்புடவை தடுக்கி மூன்றாவது பந்திலேயே உட்கார்ந்துவிட்டது. வியட்நாம் பந்து சுவரில் மோதும் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டது. ஒன்பது புள்ளி எடுத்தால் ஜெயம் என்று பெரியப்பச்சி விளக்கியபோது மேலே ஒரு பெரியவர் பதறிப்போனார். எங்களவர் பேச்சில் புள்ளி என்றால் கல்யாணமாகித் தனிக் குடும்பமாக எண்ணப்படும் ஆள். கோயில் காரியமெல்லாம் புள்ளியை வைத்துத்தான். "கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு ஒம்போது புள்ளியா? என்னப்பா கூத்து இது!" என்று அவர் எழுந்தே விட்டார். உட்கார வைக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஆத்தா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஜெயிச்சுக் கிச்சுத் தொலைச்சிராத. பெரியப்பச்சி சொன்ன சொல்ல மாத்த மாட்டாக. வெள்ளக்காரன் ஊர்ல நீ பாவாடைய ஏத்திக் கட்டிக்கிட்டு ஓடுனா, அப்புறம் எந்த வீட்டுலருந்து உன்னயக் கேட்டு வருவாக? தோத்துரு ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆத்தா அழுதால் என் வீராப்பெல்லாம் போய்விடும். சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

அந்தக் காலத்து விதிப்படி, முதலில் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவளுக்குத்தான் புள்ளி கிடைக்கும். அவள் தப்பு செய்தால் யாருக்கும் புள்ளி இல்லை, பந்து போடும் முறை மட்டும் கை மாறும். நான் முதல் பந்தை வேண்டுமென்றே தரையில் அடித்தேன். முறை அவளுக்குப் போனது. அவள் பந்தை உத்தரத்தைப் பார்த்து அடித்தாள். முறை எனக்கு வந்தது. நான் மறுபடி தரையில், அவள் மறுபடி உத்தரத்தில்.

"சைபர், சைபர்!" என்று பெரியப்பச்சி கர்ஜித்தார். நடுவர் அவர்தான்.

கால் மணி நேரம் இப்படியே போனது. மேலே சனம் மூச்சு விடவில்லை. "அடேயப்பா, ஒருத்திக்கு ஒருத்தி எளைச்சவ இல்ல!" என்றார் ஒருவர். எளைச்சவளாக ஆவதற்குத்தான் இரண்டு பேரும் அங்கே உயிரை விட்டுக்கொண்டிருந்தோம்.

மூலையில் உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தபோது அவள் கிசுகிசுத்தாள். "ஏன்டி, ஒனக்கும் சொல்லிட்டாகளா?"

"ஒனக்குமா?"

"எங்காத்தா கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. ஒனக்குப் போகணுமாடி?"

"போகணும்டி."

"எனக்குந்தான். அப்ப ஒழுங்கா அடி. விட்டுக் குடுத்தேன்னு வையி, பிச்சுப்புடுவேன்."

அதன் பிறகுதான் ஆட்டம். அவளுக்குக் கிளப்பில் ஆடிய பழக்கம், என்னை மூலைக்கு மூலை ஓட விட்டாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். முழங்கை சிராய்த்தது. வெள்ளைச் சுவரெல்லாம் கறுப்புத் திட்டு விழுந்தது, பெரியப்பச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஏழுக்கு ஏழு. அந்தச் சுவரை எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். இடது ஓரத்தில், கீழே, எப்போதோ அண்டா இடித்துப் பூச்சு பெயர்ந்துபோன இடம் ஒன்று உண்டு. அதில் பட்ட பந்து எழும்பாது. இரண்டு தடவை அங்கேயே அடித்தேன். ஒன்பதுக்கு ஏழு. ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன், அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஆத்தா இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

பெரியப்பச்சி கல்யாண மாலைகளில் ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டார். எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியே கேட்டேன்.

"ஆஸ்திரேலியாவுக்கு எப்ப அனுப்புறீக, பெரியப்பச்சி?"

அவர் ஆத்தாவைப் பார்த்தார், அயித்தையைப் பார்த்தார், மீசையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

"எதுக்கு ஆத்தா ஆஸ்திரேலியா? இங்கயே ஒலக சாம்பியன் ஆயிட்டியே! பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு, அங்குட்டுப் போயி எவகிட்டயாச்சும் தோத்துட்டு வரணுமா?"

"அதானே!" என்றது மாடி. கை தட்டல் காதைப் பிளந்தது. ஆத்தா குன்றக்குடி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் தோத்துக்கிறேன் பெரியப்பச்சி," என்றேன். "மொத ஆட்டத்துலயே தோத்துட்டு வந்துர்றேன். அனுப்பி மட்டும் வைங்க."

மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெரியப்பச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆத்தாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோற்றுப்போன என் அயித்தை மகள் மட்டும் சிரிக்காமல், மட்டையைக் கீழே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.