கஞ்சிக்கு நின்ற வரிசை

மூதூரில் ஸல்ஹா எண்ணெயில் பொரித்த ரோல்ஸைத் தின்னாமல் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளை குறைவு. அவர் கண்டீனை எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து, இடைவேளை மணி அடித்தால் போதும், யன்னலில் பிள்ளைகள் ஈ மொய்த்தாற்போல் மொய்ப்பார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். யாருக்குத்தான் இருக்காது?

அந்தப் பெருமையை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இறக்கிவைக்க வேண்டி வந்தது. மகன் றுமைஸுக்குப் பதின்மூன்று வயது. மைதானத்தை ஒரு சுற்று ஓடினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், "சீனி வருத்தத்தின்ர, அதுதான் நீரிழிவின்ர, வாசல்ல நிக்கிறார். பொரிச்சது, சோடா எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இப்ப பாத்தால் திருத்தலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸல்ஹா கணவர் நௌபரிடம் கேட்டார். "என்ட புள்ளைக்கு வேணாமெண்ட சாமான, ஊரார்ட புள்ளைகளுக்கு எப்பிடி விப்பன்?"

அடுத்த வாரமே கண்டீன் அடுப்பிலிருந்து எண்ணெய்த் தாச்சி இறங்கி, முருங்கையிலைக் கஞ்சி ஏறியது.

பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. கோப்பையில் ஊற்றி, மூடி போட்டு, கரண்டியும் வைத்து எவ்வளவு துப்புரவாகக் கொடுத்தும், "காய்ச்சல்காரன் குடிக்கிற சாமான்" என்று மூக்கைச் சுளித்தார்கள். கேற்றுக்கு வெளியே ரோல்ஸ் விற்ற கடைக்காரர் காட்டில் மழை. அந்தக் கடையில் முதல் ஆளாக நின்றவன் வேறு யாருமல்ல, றுமைஸ்தான். உடற்கல்வி ஆசிரியை சுலோஜனா மட்டும் நாள் தவறாமல் வந்து குடிப்பார். கிளிவெட்டியிலிருந்து காலை பஸ் பிடித்து வருகிற பசி அவருக்கு. அவர் ஒருத்தர் குடித்துக் கிடாரம் காலியாகுமா?

"நோன்பு லீவு முடியட்டும் டீச்சர். அதுக்குப் பிறகும் கஞ்சி மிஞ்சினா கண்டீனை விட்டிருவன்" என்றார் ஸல்ஹா. "திரும்ப ரோல்ஸ் போட என்னால ஏலாது."

நோன்பும் வந்தது. ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கமாகப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நோன்புக் கஞ்சிக் கிடாரத்துக்கு முன்னால், வாளியும் தூக்குச்சட்டியுமாக, அவருடைய கஞ்சியைச் சீண்டாத அத்தனை பேரும் நின்றார்கள்! முண்டியடித்தார்கள், சிரித்தார்கள், "எனக்கு நல்லாக் கலக்கி ஊத்துங்க" என்று சண்டை பிடித்தார்கள். நடுவில் றுமைஸ். பொழுது பட்டு நோன்பு துறந்ததும் அவன் வீட்டில் வயிறு முட்டக் குடித்துவிட்டுச் சட்டியையும் வழித்தான்.

பிழை கஞ்சியில் இல்லை, கோப்பையில் என்று ஸல்ஹாவுக்கு அன்று விளங்கியது. வருத்தக்காரனுக்குக் கொடுப்பதுபோல் தனித்தனியாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் குடிக்கும்?

லீவு முடிந்ததும், ஸல்ஹா கேட்டுக்கொண்டபடி சுலோஜனா காலைக் கூட்டத்தில் சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் வீட்டிலயிருந்து ஒரு ஏனம், சட்டியோ டிபன்பெட்டியோ, கொண்டுவாங்கோ. கஞ்சி மரத்துக்குக் கீழ."

மறுநாள் இடைவேளைக்கு வேப்பமரத்தடியில் கிடாரம் இருந்தது. பக்கத்தில் அகப்பையோடு ஸல்ஹா. முதலில் சின்ன வகுப்புப் பெட்டைகள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நாலு பெடியன்கள். பிறகு பார்த்தால், வரிசை மரத்தைச் சுற்றி மைதானத்து ஓரம்வரை வளைந்து கிடந்தது. மீசை முளைத்த பெரிய வகுப்புக்காரர்கூட டிபன்பெட்டியை நீட்டினார்கள். ஏனம் மறந்த ஒருவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கொடுத்து, அதில் ஊற்றச் சொன்னான். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்த ஸல்ஹா, எந்த அலையைக் கண்டும் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

"அல்லாஹ்வே, இதென்ன புதினம்!" என்றார் மெல்ல.

அந்தப் பிரமிப்பில், அகப்பை அடியைத் தட்டியதை அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது வரிசையில் ஒரே ஒருத்தன் மிச்சம். தாயிடம் சட்டி நீட்ட வெட்கப்பட்டுக் கடைசியில் நின்ற றுமைஸ்.

கிடாரத்தில் ஒரு துளி இல்லை. அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கேற்றைப் பார்த்தான். அப்பால் கடையில் ரோல்ஸ் பொரிகிற வாசம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் குடித்தும் என் பிள்ளைக்கு இல்லாமல் போனதே என்று ஸல்ஹாவுக்கு நெஞ்சு பதறியது.

மர வேரில் குந்தியிருந்த அவனுடைய கூட்டாளி நிப்றாஸ் தன் சட்டியை நீட்டினான். றுமைஸ் போய்ப் பக்கத்தில் இருந்தான். ஆளுக்கொரு வாயாக மாறி மாறிக் குடித்து முடித்தார்கள்.

மணி அடித்தது. வகுப்புக்கு ஓடிய றுமைஸ் பாதியில் நின்று திரும்பினான்.

"உம்மா, நாளைக்கு வரிசையில நான்தான் முதல் ஆள். இப்பவே சொல்லிப்போட்டன்!"