களை மீன்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கள உதவியாளனாக இருந்தேன். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகள் என் பொறுப்பு. அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு புது விதி வந்தது. விஞ்ஞானிகள் தங்களுக்குத் தோன்றியதை எல்லாம் ஆராயக் கூடாது; மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதற்குத்தான் பணம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. நல்ல விதி என்றே இன்றும் நினைக்கிறேன். யார் அழுதால் என் காதில் விழும் என்றுதான் யோசிக்கவில்லை.

மக்களைக் கேட்கக் கூட்டம் போட்டேன். எங்கே? கோயில் மண்டபத்தில். நிழல் இருந்தது, பாய் விரித்தார்கள், மோர் கொடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

"ஏரில கட்லா, ரோகுன்னு பெரிய மீனா வுடணும் சார். இந்த வெராலும் கொரவையும் குஞ்சையெல்லாம் துன்னுடுது. மொதல்ல அதுங்கள ஒயிக்க வழி பண்ணுங்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் விரால், குரவைக்கெல்லாம் களை மீன் என்று பெயர். ஆகவே எனக்கும் வேலை சுலபமாகிவிட்டது. 'மக்கள் தேவை' என்று தலைப்பிட்டு அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது ஏரிக்கரையில் காலனிப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் ஊத்தா தோளில் இருந்தது. என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தாள். சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, வெரால ஒயிச்சிடாதீங்க சார். சித்திர வைகாசில வயல்ல வேல ஏது? ஏரி காஞ்சாலும் அது சேத்துக்குள்ள பூந்து உசுரோட கெடக்கும். அத்த தோண்டித்தான் நாங்க துன்றது, அத்த குடுத்துத்தான் அரிசி வாங்கறது. மீந்தது மொத மயைக்கு எயுந்து வந்து மதகாண்ட கூடும். அது இல்லன்னா நாங்க செங்கல் சூளைக்குத்தான் போவணும். சூளைக்குப் போன என் தங்கச்சி திரும்பி வர்ல சார்."

சிவப்புக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் தாய் விராலைக் காலனியில் யாரும் தொட மாட்டார்கள் என்றும் சொன்னாள். எந்த அரசாணையும் இல்லாமல் அவர்கள் ஏரியைக் காத்து வந்திருக்கிறார்கள்.

"இதைக் கூட்டத்தில் வந்து சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"எந்த வாசல்ல நின்னு சொல்றது சார்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், கூட்டத்தில் சொல்லாததை எழுத இடமில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் சோம்பல், நிலக்காரர்களிடம் கொஞ்சம் பயமும். கடைசி பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருந்தது.

பணம் வந்தது. புரட்டாசியில் முதல் மழைக்கு மதகடியில் இடுப்பளவு தண்ணீர் தேங்கியது. சேற்றில் தப்பிய மீனெல்லாம் அங்கேதான் கூடும் என்பது இப்போது எனக்குத் தெரியுமே. அந்த நாள் பார்த்து, மீனைக் கொல்லும் இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினோம். வெளி மீன் நுழையாதபடி வரத்துக் கால்வாயில் வலையும் கட்டினோம்.

மதியத்துக்குள் விரால்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புண்ணாக்கில் செத்த மீனைத் தின்னலாம் என்று நாங்களே அறிவித்தோம். காலனியே திரண்டு வந்து கூடை கூடையாக அள்ளியது. பிள்ளைகள் கூத்தாடின. அவளும் வந்து அள்ளினாள். "ஒரே நாள்ல இத்தினியா" என்று மட்டும் சொன்னாள். காற்றே இல்லை. கரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கட்லா நன்றாக வளர்ந்தது. பங்குனியில் லாரி ஏறிப் பட்டணம் போனது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

வைகாசியில் மறுபடியும் போனேன். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதகுக்கு எதிரே அவள் கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி முழங்காலளவுக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வெறும் ஈரமண்.

"மூணு நாளா தோண்டிக்கினு கீறேன் சார். ஒன்னுகூட இல்ல. எங்க பூட்ச்சு எல்லாம்?"

அவளுக்கா தெரியாது? என் வாயால் வரட்டும் என்று கேட்டாள்.

"நான்தானம்மா கரைச்சு ஊத்தினேன்."

"மதகாண்ட கூடும்னு ஒங்களுக்கு நான்தான சார் சொன்னேன்" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே அவள் குடும்பம் சூளைக்குக் கிளம்பியது. நான் கரையில் நின்றிருந்தேன். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு காய்ந்த ஏரிக்குள் இறங்கிக் குறுக்காகப் போனார்கள். தான் தோண்டிய குழிகளில் பிள்ளைகள் விழுந்துவிடாமல், அவள் அவர்கள் கையைப் பிடித்து ஒவ்வொரு குழியாகச் சுற்றி அழைத்துப் போனாள்.