ஜோவிதா கல்யாணத்தில் நின்ற பாட்டு

கோயில் வாசலில் மாப்பிள்ளை ஜோசப் ஆனந்தோடு ஜோவிதா நிற்கிறாள். பத்து மணிப் பூசை. பாட்டுக்குச் சொல்லிவைத்த குழுவின் வேன் கோரிமேட்டில் டயர் வெடித்துக் கிடக்கிறது. அடுத்து இன்னொரு கல்யாணம் இருப்பதால் சாமியார் காத்திருக்க மாட்டார்.

பாட்டில்லாமல் உள்ளே நடப்பதா? அதுவும் பாட்டு டீச்சர் ஜெர்மேன் மதாமின் மகள்? மானம் போச்சு.

முதலியார்பேட்டையில் முப்பத்தோரு வருஷமாகக் கீபோர்டும் பாட்டும் சொல்லித்தரும் மதாம், இன்றைக்கு மட்டும் பொண்ணோட அம்மாவாகச் சும்மா உட்காருவேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார். பாவம், பத்து நிமிஷம் உட்கார்ந்தார்.

ஜோவிதா வாசலிலிருந்தே, உள்ளே இருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். "யம்மா, நீயே பாட வையேன்."

"யாரை வச்சுடி? உன் சித்தப்பனையா? மாடு கத்துற மாதிரி பாடுவான்."

"திரும்பிப் பாரும்மா. கோயில்ல பாதி உங்கிட்ட அடி வாங்கிப் பாட்டு கத்துக்கிட்டதுங்கதான்."

திரும்பினார். ஹாரனைக்கூடத் தாளம் தப்பாமல் அடிக்கிற ஆட்டோக்கார ஆரோன். மதாம் குரலிலேயே எண்ணி ஊசி போடுகிற நர்ஸ் ஸ்டெல்லாமேரி. பெரிய மார்க்கெட் மீன்கடை கமலா. ஆளுக்கொரு வருஷத்து செட். சேர்ந்து பாடினதே கிடையாது.

மதாம் பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கையைத் தூக்கினார். நாற்பது பேர் எழுந்தார்கள். பாட்டு கிளம்பியது பாருங்கள், ஜோவிதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது வரி முடிந்ததும் நாற்பது பேரும் கப்பென்று வாயை மூடினார்கள். ஜோவிதாவும் தூக்கின காலோடு நின்றாள்.

"என்னாச்சு? மறந்துட்டாங்களா?" மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

"ரயில் போவுது, இரு."

"எங்க ரயிலு?"

மதாம் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில்வே கேட். தினமும் சாயங்கால வகுப்பில் முதல் பாட்டு இதுதான். மூன்றாவது வரிக்குச் சரியாக விழுப்புரம் ரயில் ஊதிக்கொண்டு போகும். மதாமின் கை மேலேயே நிற்கும். பிள்ளைகள் எட்டு எண்ணிவிட்டுத் தொடருவார்கள். பாட்டே அப்படித்தான் என்று அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள்.

மதாமுக்கு அப்போதுதான் விளங்கியது. உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. ஆனாலும் கையை இறக்கவில்லையே! ஏழு, எட்டு எண்ணிவிட்டுத்தான் இறக்கினார்.

நாற்பது குரலும் ஒரே மூச்சில் நாலாவது வரியைப் பிடித்தன. ஜோவிதாவின் கால் அதே நொடியில் தரையைத் தொட்டது. மாப்பிள்ளை மட்டும் அரை அடி பிந்திவிட்டான். வீட்டுக்கு வரட்டும், கற்றுக்கொள்வான்.