அன்புக்கரசி பேரில் நான் பறித்த கொழுந்து

வால்பாறை மலையில் கொஞ்ச நாள் நான் அன்புக்கரசியாக இருந்தேன். எனக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது, பல்லில் பாதி இல்லை. அவளுக்கு இருபத்தொன்று. ஆனாலும் காலையில் அவள் பேரைக் கூப்பிட்டபோது "இருக்கறனுங்க" என்று சொன்னது என் வாய்தான். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கதை அவளுடையது. என்னுடையது முழங்கால் வலி மட்டும்.

எங்கள் எஸ்டேட்டில் வீடு யாருக்கும் சொந்தம் கிடையாது. வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் ஒருத்தர் பேராவது வேலைக்குப் பதிவாகியிருக்க வேண்டும். பேர் இருந்தால் வீடு இருக்கும், பேர் போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். நான் வேலையிலிருந்து நின்றபோது என் மகன் வேலன் பேர் இருந்தது. அதனால் இன்னும் அந்த அடுப்படியில் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீடு செல்லாத்தாளுடையது. அவளும் என்னோடு கொழுந்து பறித்தவள். புருஷன் செத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே பெண், அன்புக்கரசி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டில் ரசம் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அந்தப் பெண் படித்ததெல்லாம் எனக்கும் காதில் விழுந்து தொலைத்தது அப்படித்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தபாலில் பி.ஏ. சேர்ந்தாள். சரித்திரப் பாடம், அதோடு மதங்களும் தத்துவமும். காக்கி உறையில் பாடம் வரும். மார்கழிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். ராஜாக்கள் வருவார்கள், சண்டை போடுவார்கள், சாவார்கள்.

ஒரு நாள் சுவர் வழியாகவே கேட்டேன். "ஏங்கண்ணு, இத்தன ராஜாவுல ஒருத்தனாச்சும் நம்ம மலைக்கு வந்தானா?"

"இல்லீங் பெரீம்மா. நம்ம மலையப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்பறம் என்னத்துக்குடி படிக்கற?"

"நம்மளப் பத்தி எழுதாத பொஸ்தகத்தையும் தெரிஞ்சுக்கோணுமில்லீங்களா" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் அவள் படிக்கவில்லை என்றதும், "ஏண்டி, அந்தச் சண்டை என்னாச்சு?" என்று கேட்டதும் நான்தான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் செல்லாத்தாளுக்கு வயசு ஆகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். நெஞ்சுச் சளி வேறு. இரண்டு படி ஏறினால் ஊதல் சத்தம் வரும். வீடு நிற்க வேண்டுமானால் மகள் பேர் ஏற வேண்டும். வேறு பேர் அந்த வீட்டில் இல்லை. அன்புக்கரசி கூடையைத் தூக்கினாள்.

முதலில் டெம்பரவரியாகத்தான் எடுப்பார்கள். ஒரு சீசன் முழுக்க விடாமல் வேலைக்கு வந்தால்தான் பெர்மனென்ட். நடுவில் நாள் விட்டால் கணக்கு அழிந்து மறுபடி முதலிலிருந்து. அதுவரைக்கும் வீட்டை விட்டுவைப்பார்களா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

மலைச்சரிவில் நின்று பறிக்கும்போதும் பாடத்தை முணுமுணுப்பாள். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். ஒரு நாள் அப்போதுதான் கவாத்து பண்ணின செடிகளைக் காட்டினாள். தேயிலைச் செடி உயரமாகிவிட்டால் மேலே உள்ளதையெல்லாம் வெட்டி வெறும் குச்சியாக விடுவார்கள். பிறகு புதுசாகத் துளிர்க்கும்.

"பெரீம்மா, இந்தக் கெளையெல்லாம் போயி, வேற கெளை வந்து, வேற எலை வருது. அப்ப இது பழைய செடியா, புதுச் செடியா?"

"எடைக்காரன் அதக் கேக்கறானா?"

"கேக்க மாட்டாருங்க. பாடத்துலதான் கேக்கறாங்க. எல்லாமே மாறிப்போச்சுன்னா, அதே ஆளுன்னு எதை வெச்சுச் சொல்றதுன்னு."

"எலை வந்தாச் சரி. வேகமாப் பறி. வாய் வேல செஞ்சா கை நின்னு போகுது" என்றேன். பக்கத்து நிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வருஷப் பரீட்சை சித்திரை வைகாசியில் வந்தது. கோயமுத்தூரில் ஒரு காலேஜில் எழுத வேண்டும். கோடை மழை பெய்து கொழுந்து பொங்கி வரும் சமயம். பெர்மனென்ட் ஆட்களுக்கே லீவு கிடைக்காது.

சூப்பர்வைசர் பிரான்சிஸும் எங்கள் லைனில் பிறந்தவன்தான். அவன் மூக்கொழுகிக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவனிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, பரீட்சை நாளு மட்டும் விட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அம்மிணி, எனக்கு இஷ்டந்தான். மேல எழுதி அனுப்பினா என்ன சொல்லுவாங்க தெரியுமா? படிக்கறவளுக்கு எதுக்கு வேல, வேல இல்லாதவளுக்கு எதுக்கு ஊடுன்னு. கேட்டுப்போட்டு வாங்கிக் கட்டிக்கறதுக்கு, கேக்காம இருக்கறது மேலு."

வீட்டுக்கு வந்து பாடப் புத்தகங்களையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். செல்லாத்தாள்தான் அழுதாள்.

"என்னாலதான் கண்ணு. நான் செத்திருந்தா நீ எங்கியாச்சும் போயிருப்ப."

"சாகறதுக்கும் லீவு கேக்கோணும், போடி" என்று செல்லாத்தாளை அடக்கினேன். அன்புக்கரசியிடம் சொன்னேன், "நீ போயி எழுது. உன்ற பேருக்கு நான் பறிக்கறேன்."

"கண்டுபுடிச்சுட்டா?"

"என்னைய என்ன பண்ணுவாங்க? வேலைய விட்டுத் தூக்குவாங்களா? அதான் ஏற்கெனவே தூக்கிட்டாங்களே."

பேர் கூப்பிடும் களத்துக்குப் பெரட்டு என்று பேர். எங்கள் லைனுக்குப் பின்னாலேயே இருக்கிறது, வீட்டில் இருந்தாலே சத்தம் கேட்கும். முதல் பரீட்சை அன்று தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் பெண்களுக்கு நடுவில் நின்றேன். அவள் முதல் பஸ்ஸுக்கு இறங்கிப் போயிருந்தாள்.

"அன்புக்கரசி!"

"இருக்கறனுங்க."

பிரான்சிஸ் நிமிர்ந்தான். கிட்டே வந்து சாக்குக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மிணி, ஒரே ராத்திரியில இவ்வளவு வயசாயிருச்சு?"

"எஸ்டேட்டு வேல அப்பிடிங்க" என்றேன்.

களமே சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவி மறைத்தான். "மாசாணிக்கா, எனக்குப் பேருக்கு எலை வந்தாப் போதும். யாரு கையின்னு நான் பாக்கல. ஆனா ஃபீல்டு ஆபீசர் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிப்போட்டேன்."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்குது?"

அன்று பறித்ததை எடை போட்டபோது அன்புக்கரசி வழக்கமாகப் பறிப்பதைவிட எச்சாகவே இருந்தது. கிழவி என்று நினைத்தார்களே, அதற்காகவே பறித்தேன். சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாள். பதில் எழுதினதைவிடப் பஸ்ஸில் பார்த்ததைத்தான் அதிகம் சொன்னாள். கீழே வெயில் அடிக்கிறதாம். துணி காய்கிறதாம். ரோடு நேராகப் போகிறதாம்.

அடுத்தடுத்த பரீட்சைகளும் அப்படியே ஓடின. கடைசி ஒன்றுதான் பாக்கி, மதமும் தத்துவமும். அவளுக்கு உசிரான பாடம். அதற்கு முந்தின பரீட்சை அன்று நல்ல மழை. சரிவில் கால் வைத்தேன், மண் என்னோடு சேர்ந்து இறங்கியது. நேராகப் போய் வடிகால் குழியில் உட்கார்ந்தேன். முழங்கால் திரும்பிக்கொண்டது.

பிரான்சிஸ் ஓடி வந்தான். முகம் வெளுத்துவிட்டது. "டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போனா பேரு கேப்பாங்க. அன்புக்கரசின்னு சொன்னா வயசு இருபத்தொண்ணும்பாங்க. ஐயோ, என்னக்கா பண்றது?"

"கத்தாத. நான் குழியிலயே உக்காந்துக்கறேன். சாயங்காலம் தூக்கு."

மழை நிற்கவில்லை. நான் குழியில் உட்கார்ந்திருந்தேன், அட்டைகள் ஏறின. நிரையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அன்புக்கரசி கூடையில் போட்டாள். அன்றைய எடை அப்படித்தான் நிறைந்தது. முத்தாத்தாள் மட்டும் போட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள். "வயசான காலத்துல உனக்கு பி.ஏ. கேக்குதா?"

அன்புக்கரசி வந்து என் காலைப் பார்த்தாள். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். செல்லாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கடைசி நாளுக்கு நான் போறேன் கண்ணு."

"நீங்களா? ஏறிப் பாருங்க பாப்பம், அந்த மேட்ட."

"ஏறுவேன்."

"ஏறுவீங்கம்மா. எறக்கறதுக்குத்தான் நாலு பேரு வேணும்."

நான் அதட்டினேன். "பைத்தியக்காரி, கடைசிப் பரீட்சைடி. ஒரு நாளு போனாப் போகுது."

"ஒரு நாளு போனா ஊடு போகுது பெரீம்மா. அம்மாவ இந்த நெஞ்சோட எங்க கொண்டுபோயி வெக்கறது? ரோட்டு மேலயா?"

அவளுக்குப் பதிலாக யாரும் இல்லை. மற்ற பெண்களுக்கு அவரவர் பேர் இருந்தது, அவரவர் எடை இருந்தது.

பரீட்சை நாள் காலையில் படுத்த இடத்திலிருந்தே கேட்டேன். பிரான்சிஸ் கூப்பிட்டான். "இருக்கறனுங்க" என்றாள். கீழே வளைவில் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அன்று அவள் வாயே திறக்கவில்லை, கை மட்டும் ஓடியது என்று முத்தாத்தாள் பிறகு சொன்னாள்.

மற்றதெல்லாம் பாஸ். அந்த ஒரு பேப்பர் மட்டும் நின்றது. சீசன் முடிந்து பெர்மனென்ட் ஆக்கினார்கள். ஆர்டர் வந்த அன்று செல்லாத்தாள் பாயசம் வைத்தாள். லைன் முழுக்கக் கொடுத்தாள். அன்புக்கரசியும் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மார்கழியில் மறுபடி பரீட்சை வந்தது. பிரான்சிஸ் தானாகவே வந்து சொன்னான்.

"அம்மிணி, இப்ப நீ பெர்மனென்ட்டு. லீவு உன்ற உரிமை. ராஜாவாட்டம் போயிட்டு வா."

"போறது ஒண்ணுமில்லீங்க. வரோணுமே, அதுதானுங்க."

அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனான். எனக்குப் புரிந்தது. நாள் விட முடியாதபோது அவள் இறங்கிப்போக ஆசைப்பட்டாள். இப்போது நாள் கொடுக்கிறார்கள், ஒரேயடியாக இறங்கிப்போக முடியாது. பேரை எடுத்தால் வீடு போகும், வீடு போனால் அம்மா போவாள். அம்மா இருக்கும் வரைக்கும் இந்தச் சரிவுதான். அம்மா எப்போது போவாள் என்று எண்ண அவளுக்கு மனசு வராது. அப்படி ஒரு பூட்டு.

போனாள், எழுதினாள், அன்றைக்கே கடைசி பஸ்ஸில் திரும்பினாள். என் வீட்டு வாசலில் நின்று செருப்புச் சேற்றைத் தேய்த்தாள்.

"கேட்டானா அந்தச் செடிக் கேள்வி?"

"செடின்னு கேக்கலீங். ஆனா அதேதான் கேட்டிருந்தாங்க. நான் நம்ம கவாத்துச் செடியத்தான் எழுதினேன்."

"என்னன்னு எழுதின? பழசா, புதுசா?"

"அதே செடிதான்னு எழுதிப்போட்டேன் பெரீம்மா."

"அத்தனையும் வெட்டிப்போட்டு வேற வந்த பின்னாடியுமா?"

"வேரு நவுரலீங்களே" என்றாள்.

எப்போதும் ஏதாவது சொல்லித் திட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு, "போயி அம்மாளுக்குத் தண்ணி காய வை" என்று மட்டும் சொன்னேன்.

பி.ஏ. பாஸ் என்று தை கடந்து தாள் வந்தது. செல்லாத்தாள் அதை ஃபிரேம் போட்டு, மழை ஒழுகாத சுவராகப் பார்த்து மாட்டச் சொன்னாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர்தான் ஒழுகாத சுவர். ஆணி அடித்தபோது என் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து கஞ்சியில் விழுந்தது. திட்டினேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள்.

மறுநாள் விடிந்தது. கூடை உரசும் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னால் களத்தில் பிரான்சிஸ் பேர் கூப்பிட ஆரம்பித்தான். முழங்காலை நீவிக்கொண்டு காத்திருந்தேன்.

"அன்புக்கரசி!"

"இருக்கறனுங்க."