ஞாயிற்றுக்கிழமை நுகம் பூட்டாதவர்

ஜெலுத்தோங் பாசாரில் நெத்திலிக் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டிக்கார முனியாண்டி எங்கள் காளை வெள்ளையனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். வண்டி இல்லை. வண்டியின் சொந்தக்காரரும் இல்லை.

“அக்கா, துறைமுகத்துல அண்ணே நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. அப்பறம் எந்திரிக்கலக்கா.”

“ஏதாச்சும் சொன்னாரா?”

“‘மாட்ட அவுத்து நெழல்ல கட்டு’ன்னாரு.”

மேற்கொண்டு அவன் என்ன சொன்னானோ, என் காதில் விழவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. கடைசிப் பேச்சும் மாட்டுக்குத்தானா? எனக்கென்று ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லையே!

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: சந்தியாகு. உபதேசப் பள்ளியில் நான் கற்ற நாலெழுத்து இதற்காவது உதவட்டும். கோயிலில் அவரோடு முழங்காலிட்டவர்களும், துறைமுகத்தில் அவரோடு மூட்டை ஏற்றியவர்களுமாக நீங்கள் எல்லாரும் அவரை நல்லவர் என்கிறீர்கள். நல்லவர்தான். உங்களுக்கென்ன, நீங்கள் சக்களத்தியோடு குடித்தனம் நடத்தவில்லை. வெள்ளையன் காளைமாடுதான், ஆனாலும் எனக்கு அது சக்களத்தி.

காலையில் நுகம் பூட்டுமுன் அதன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைவார், பிள்ளைகளுக்கு வரைவது போல. “எனக்கு எங்க?” என்று தலையை நீட்டுவேன்.

“நீ என்ன வண்டியா இழுக்கப் போற?”

“கல்யாணமான நாளா உங்களத்தானே இழுக்கிறேன்!”

சிரித்துக்கொண்டே போய்விடுவார். என் நெற்றி அப்படியே இருக்கும்.

சாட்டை அவரிடம் கிடையாது. ஒருமுறை கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி இன்னும் மூட்டை ஏற்றச் சொல்லிக் கத்தியிருக்கிறார். “ஐயா, அதோட சத்துக்கு மேல ஏத்தினா பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட நான்தான் சொல்லணும். நீங்களா வந்து சொல்லப்போறீங்க?” என்றாராம் இவர். அந்தச் சவாரி வேறு வண்டிக்குப் போய்விட்டது. அன்று வீட்டில் கருவாடு கூட இல்லை. வெள்ளையனுக்கு மட்டும் புல் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன அவசரமானாலும் வண்டி பூட்டமாட்டார். ஓய்வுநாள் கட்டளையில் மாட்டையும் சேர்த்துத்தான் ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்பார்.

“என்னண்ணே, ஒங்க மாடும் வேதத்துல சேந்துருச்சா?” என்று முனியாண்டி கேலி செய்வான்.

“ஞானஸ்நானம் கெடையாதுப்பா. ஓய்வு மட்டுந்தான்.”

இதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். ஆனால் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, வெள்ளையன் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்க, இவர் அதன் முதுகில் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இவரையும் இழுத்துக்கொண்டு சுவாமியாரிடமே வழக்கைக் கொண்டுபோனேன். “சாமி, மாட்டுக்கு ஞாயித்துக்கெழம உண்டு. எனக்கு எப்ப சாமி ஞாயித்துக்கெழம?”

சுவாமியார் பிரெஞ்சுக்காரர், புத்தகத் தமிழ் பேசுவார். “சந்தியாகு, வாயில்லாப் பிராணியை வதைப்பது பாவம். அதற்கு இரக்கம் காட்டுவது நன்று. ஆனால் மனுஷருக்குச் சேரவேண்டிய அன்பை எடுத்து மிருகத்துக்குக் கொடுப்பது முறையன்று.”

“கேட்டீங்களா?” என்று நான் துள்ளினேன்.

“சாமி, இவளுக்கு வாய் இருக்கு. ஊரக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கிறா. அது எப்படி சாமி கேக்கும்?”

சுவாமியார் தாடிக்குள் சிரித்தார். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி இவர் கையால்தான். அக்கம்பக்கத்தில் நான் பீற்றிக்கொள்ளாத வீடு இல்லை. ஆனால் உப்புக் கரிக்கும். விசாரித்தால், மாட்டின் தவிட்டுக் கஞ்சிக்குப் போடும் கைப்பிடி உப்பையே எனக்கும் போட்டிருக்கிறார்! அதிலும் அது முந்திக்கொண்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து முனியாண்டி வந்தான். “அக்கா, அண்ணே இன்னொன்னும் சொன்னாரு. அன்னிக்கே சொன்னேன், ஒங்களுக்குக் கேக்கல. ‘அவ பாத்துக்குவா. அவ இருக்கிறப்ப எனக்கென்ன கவல’ன்னாரு.”

“அவன்னா யாரு? பேரச் சொன்னாரா?”

“அவரு என்னிக்கிக்கா ஒங்க பேரச் சொன்னாரு?”

சிரித்தேன். அப்புறந்தான் நன்றாக அழுதேன்.

மாட்டை விற்றுவிடச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது முனியாண்டி ஓட்டுகிறான். சாட்டை கூடாது, பாரம் மிஞ்சக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளையனும் நானும் சும்மா இருக்கிறோம். கஞ்சி காய்ச்சத்தான் ஆளில்லை.

அதன் நெற்றியில், அவர் விரல் ஓடிய இடத்தில் மயிர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. காலையில் நான் அங்கே விரல் வைக்கிறேன். பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அன்றாடம் தொட்ட இடம் என் நெற்றியில் இல்லை, அதனிடம் இருக்கிறது. அதில் என் பங்கை எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.