பொக்கற் இல்லாத காற்சட்டையும் நகரசபைத் தேர்தலும்

தையல்காரனுக்கு அரசியல் கஷ்டம். பேசவேண்டிய நேரத்தில் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் சோசலிசம் பேசத் தொடங்கியவர்களில் தையல்காரரும் சப்பாத்துத் தைப்பவர்களும் இருந்தார்களாம். எப்படிச் சமாளித்தார்களோ! நான் சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நகரசபைத் தேர்தலில் இடதுசாரிப் பட்டியலில் நின்றேன். கடையையும் விடாமல் கட்சிக்கும் ஓடித்திரிகிறவர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

ஏழு ஊசி விவாதம்

ஹெர் கெல்லர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காற்சட்டை நீளம் குறைக்க ஸ்டூலில் ஏறி நின்றவர், சோசலிஸ்டுகள் எல்லாரும் சோம்பேறிகள் என்று தொடங்கினார். நான் அவர் காலடியில் முழந்தாளில் நிற்கிறேன், வாயில் ஏழு ஊசி. “ம்ம்! ம்ம்ம்!” என்று ஆவேசமாக மறுத்தேன். பத்து நிமிடம் விளாசினார். கடைசி ஊசியையும் குத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பினேன். அவர் என் தோளில் தட்டினார்.

“உங்களோடு அரசியல் பேசுவது எவ்வளவு சுகம்! எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறீர்கள்.”

போஸ்டர்

ரயில் நிலையத்துக்கு எதிரே என் படம் ஒட்டினார்கள். மனைவி சுகந்தியைப் பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் கிட்டப் போனாள், எட்டப் போனாள், பிறகு கேட்டாள்:

“ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிறியள், உங்கட சேட்டில ரெண்டாவது பட்டன் எங்கையப்பா?”

நாற்பது காற்சட்டை

ஒரு துப்புரவு நிறுவனத்தின் மனேஜர் நாற்பது சீருடைக் காற்சட்டைகளோடு வந்தார். எல்லாப் பொக்கற்றையும் தைத்து மூடவேண்டுமாம். ஆட்கள் துடைக்கும் அலுவலகங்களில் ஏதோ ஒரு கந்தோரில் என்னவோ காணாமல் போய்விட்டதாம். மாட்டேன் என்றேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல வேலை கையை விட்டுப் போகிறது. மனேஜர் வேறெங்கோ கொண்டுபோய்த் தைப்பித்துவிட்டார்.

அங்கே வேலை செய்கிற ரஞ்சி அக்கா அந்தக் காற்சட்டையோடு கடைக்கு வந்தார். மூடிய பொக்கற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இருவத்திரண்டு வரியமா அவையின்ர கந்தோரைத் துடைக்கிறன் தம்பி, இண்டைக்கு என்னைக் கள்ளியெண்டு தைச்சு விட்டிருக்கினம்.”

எந்தக் கையால்?

தையலைப் பிரிக்கவேண்டாம், எல்லாவற்றையும் கையிலேயே வைத்திருங்கள் என்று ரஞ்சி அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை காலை தமிழர், போர்த்துக்கேயர், எரித்திரியர் என்று நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் வீட்டுத் திறப்பு, போன், மூக்குக்கண்ணாடி, மூக்குத் துடைக்கும் கைலேஞ்சி. ஒருத்தி பாதி கடித்த அப்பிளும் வைத்திருந்தாளாம். “மொப்பை எடுங்கள்” என்றார் மனேஜர். “எந்தக் கையால்?” என்று ரஞ்சி அக்கா ஜேர்மன் மொழியில் கேட்க, யாரோ ஒருவரின் திறப்புக்கோர்வை விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கப் போனவரின் போன் விழுந்தது. நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம், பிடிக்கக் கை இல்லாவிட்டாலும்.

அன்று ஒரு கந்தோரும் துடைபடவில்லை. அடுத்தநாள் மனேஜர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு காற்சட்டைகளைக் காவிக்கொண்டு என்னிடமே வந்தார், பிரித்துவிடச் சொல்லி. வாசல்வரை போனவர் காது சிவக்கத் திரும்பினார்.

“இன்னொன்று... உள்பக்கமும் ஒரு பொக்கற் வேண்டுமாம் அவர்களுக்கு.”

முடிவு

சொற்ப வாக்குகளால் தோற்றேன். நாற்பது பேரும் என் பக்கம்தான். ஆனால் சுவிஸ் பாஸ்போட் இல்லாதவருக்கு இங்கே வோட்டு இல்லை, அதை வைத்திருந்தது அவர்களில் மூன்றே பேர். மனம் சுட்டதுதான். திங்கள் காலை கடையைத் திறந்தால் வாசலில் ரஞ்சி அக்கா, கையில் பல் கழன்ற சிப்போடு ஒரு ஜக்கெற்.

“கவலைப்படாதை தம்பி, அடுத்த முறைக்கிடையில பாஸ்போட் எடுத்திடுவன், இப்ப முதல்ல இந்தச் சிப்பை மாத்தித் தா.”

சோசலிஸ்ட் தையல்காரனுக்கு உலகத்தை மாற்ற நேரம் கிடைப்பது ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள்தான்.