ஆபீசர் மாமாவின் கால் விரல்

திருவானைக்காவலில் மட்டுவார்குழலி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தில்லை நகர் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அம்மா என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். 'எங்க வீட்டு ஆபீசர்' வரைகிற குழலி என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். தெருவுக்குத் தெரு இலவசமாகப் போடுகிற வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போட்டுச் சிரிப்புப் படம் வரைகிறவள் அவள். ஊர் ஜனங்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கப் பழகியதே அவளால்தான் என்று அதன் ஆசிரியர் பிராங்க்ளின் சொல்லுவார். விளம்பரம் பிடிக்கப் போகும்போது மட்டும் சொல்லுவார், அது வேறு விஷயம்.

படத்தில் வருகிற ஆபீசர் மாமா யார் என்பது ஊரறிந்த ரகசியம். குழலியின் வீட்டுக்காரர் வீரமலைதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. தொப்பை, மீசை, எதற்கெடுத்தாலும் ஒரு உபதேசம். நாலு கட்டத்துக்கென்றே அளவெடுத்து ஒரு மனுஷனைச் செய்து, அவளுக்கே கட்டியும் வைத்துவிட்டார் கடவுள். அவள் சும்மா இருப்பாளா?

காவிரிக் கரை முக்கொம்புக்குப் பிக்னிக் போன இடத்தில்தான் வினை வந்தது. புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். குரங்கைக் கண்டு பயப்படக் கூடாது, ஒரு முறை முறைத்தால் அதுவே போய்விடும் என்று வீரமலை வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடியவில்லை, தாட்டியான குரங்கு ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மனுஷன் முறைக்கவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. கையிலிருந்த வாழைப்பழத்தை அவரே உரித்து, இரண்டு கையாலும் நீட்டி, "எடுத்துக்குங்க சார்" என்றார்.

இதை வரையாமல் விட்டால் பென்சில் பிடிக்கிற கைக்கே பாவம் இல்லையா? வரைந்துவிட்டாள், படமும் வந்துவிட்டது. மறுநாள் ஒர்க்‌ஷாப் கேன்டீனில் வீரமலை உட்காருகிற இடத்தில் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. சூப்பர்வைசர் வரைக்கும் "எடுத்துக்குங்க சார்" என்று ஆரம்பித்ததும், வீரமலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் முன்னால் நின்றார்.

"இனிமே என் மூஞ்சி அந்தப் பேப்பர்ல வரக்கூடாது, குழலி. அகிலாண்டேஸ்வரி மேல சத்தியம் பண்ணு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை வாரம் இந்த மனுஷனை ஊர் சிரிக்க விட்டிருக்கிறோம் என்று வருத்தப்பட்டு, சத்தியம் பண்ணிவிட்டாள். திருவானைக்காவலில் குடியிருந்துகொண்டு அந்த அம்மா பெயரில் பண்ணிய சத்தியத்தோடு யாரும் விளையாட மாட்டார்கள்.

அன்றோடு கை முடங்கிப்போனது. கண் டாக்டரை வரைந்தாள், பஸ் கண்டக்டரை வரைந்தாள், வாட்ஸ்அப்பில் வந்த அரதப் பழசான ஜோக்கைத் தூசி தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வேகவில்லை. மாடி வீட்டு சாரா பீவி ரவிக்கை தைக்கிறவர். எந்தப் படமானாலும் குழலி முதலில் அங்கேதான் கொண்டுபோவாள். துணி வெட்டிக்கொண்டே சிரித்தால் படம் ஃபெயில். சிரிப்புத் தாங்காமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால்தான் பாஸ். இப்போது சாரா பீவி படத்தைப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "நல்லாத்தான்மா இருக்கு" என்றார். கத்தரிக்கோல் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பிராங்க்ளின் போன் பண்ணினார். "அக்கா, பழைய படத்தையே போட்டு ஒப்பேத்திட்டு இருக்கேன். இந்த வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா, அந்த இடத்தைப் போர்வெல்காரங்க விளம்பரத்துக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றபடி இதைக் கேட்டவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை வரிசையில் வா, உட்கார், கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு, அந்த நாலு கட்டம்தான் சொந்த இடம். அதுவும் போய்விட்டால் தானும் வெறும் டோக்கன்தான் என்று தோன்றியது.

வீரமலை மட்டும் லேசுப்பட்டவரா? சத்தியம் வாங்கியும் நம்பிக்கை வரவில்லை. அவள் பென்சிலோடு ஹாலுக்கு வந்தால் போதும், செய்தித்தாளை முழுசாக விரித்துக்கொண்டு அதன் பின்னால் போய்விடுவார். மேலே கை விரல், கீழே இரண்டு கால், நடுவில் பேப்பர். மூஞ்சியை மறைத்தாரே தவிர வாயை மூடவில்லை. உபதேசமெல்லாம் பேப்பருக்குப் பின்னாலிருந்து வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை குழலி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வெற்றுத் தாளை வெறித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பேப்பர் பேசியது.

"பாலை அடுப்புல வச்சா கண்ணு அங்கேயே இருக்கணும். உங்களுக்கெல்லாம் கவனம் பத்தாது. நீ போய்க் குளி, நான் பாத்துக்கறேன்."

அவள் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போதே தீய்ந்த வாசனை. அடுப்பு மேடையிலிருந்து வழிந்த பால் தரையில் இறங்கி, நிதானமாக நாற்காலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பேப்பர் அசையவில்லை. ஒரு பக்கம் மட்டும் புரண்டது.

"குழலி, எதிர் வீட்டுல பால் பொங்குது போல. என்ன ஜனங்களோ, கவனமே கிடையாது."

பால் அவர் கால் கட்டை விரலைத் தொட்டது. விரல் மெல்ல மேலே சுருண்டது. குழலி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் உறைத்தது: மூஞ்சி எங்கே இருக்கிறது இதில்? அடுப்பை அணைத்தாள், தரையைக் கூடத் துடைக்காமல் தாளை இழுத்தாள். வீரமலை பாலைப் பார்த்து, பால்காரரைத் திட்டி, ஈரக் காலோடு வேலைக்குக் கிளம்பிப் போவதற்குள் பேப்பரும் சுருண்ட கால் விரலுமாக நாலு கட்டமும் நிரம்பியிருந்தது. மாடிக்கு ஓடினாள். சாரா பீவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார், டேப்பையும் வைத்தார், கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் பிராங்க்ளினுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. குழலிக்கு இப்போது வேறு பயம். மறுபடியும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தால்? டீக்கடைக்குப் போன வீரமலை சீக்கிரமே திரும்பி வந்தார். கையில் பத்திரிகை. உட்கார்ந்து, லுங்கியை மடித்து, வலது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார்.

"உங்க மூஞ்சிய நான் வரையலைங்க" என்றாள் குழலி, முந்திக்கொண்டு.

"அதான் பிரச்சனையே. டீக்கடையில என்ன கேட்டான் தெரியுமா? உங்க வீட்டம்மா புதுசா யாரையோ போட்டிருக்காங்களே, நம்ம மாமாவ எடுத்துட்டாங்களான்னு கேக்கறான். என் காலா இது? இரும்பு விழுந்து என் கட்டை விரல் நகம் போனது ஒர்க்‌ஷாப்புக்கே தெரியும். நீ எவன் காலையோ போட்டு வச்சிருக்க. என் வீட்டுப் பாலு, நான் பொங்க விட்டது, பேர் எவனுக்கோ."

குழலி சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும். "மூஞ்சி வேணும்தான். சத்தியம் இருக்கேங்க" என்றாள், ரொம்பப் பாவமாக.

வீரமலை நகமில்லாத விரலைத் தடவிக்கொண்டார். "சத்தியம் வாங்கினவன் நான்தானே. நானே போய் அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றவர், குளித்து வேட்டி கட்டி, தேங்காய் பழத்தோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது நெற்றி நிறைய விபூதி, முகத்தில் கடுகடுப்பு, கையில் ஒற்றை வாழைப்பழம். அதைக் குழலியின் தாள் மேலேயே வைத்தார்.

"அர்ச்சனை பண்ண பேர் கேட்டாரு குருக்கள். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாரு. அப்புறம் தட்டுலேருந்து பழத்தை எடுத்து, ரெண்டு கையாலயும் நீட்டி, எடுத்துக்குங்க சார்ங்கறாரு."

கடுகடுப்பாகத்தான் சொன்னார், ஆனால் மீசைக்கு அடியில் உதடு நிற்கவில்லை. குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வாரத்துச் சிரிப்பு, சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதே விட்டாள்.

"சரி சரி, இதையும் வரைஞ்சு தொலை" என்றார் வீரமலை. வழக்கம்போல நாற்காலிக்குப் போனவர் பேப்பரை எடுக்கவில்லை. மீசையை நீவிவிட்டு, அவள் பக்கம் திரும்பி நேராக உட்கார்ந்தார். "தொப்பைய மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடு."

"சரிங்க" என்றாள் குழலி.

அடுத்த வாரம் வந்த படத்தில் தொப்பை ஒரு கட்டத்தில் அடங்காமல், கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்கும் போயிருந்தது.